அம்பாசிடர் மார்க் 2 கரண்ட் வேலைக்கு 46,500 எஸ்டிமேட்: நியாயமான ரேட்டா?

மண்டபம் ஸ்பேர்ஸ் கேட்டது:

வணக்கம். மண்டபத்துல விசைப்படகு ஸ்பேர் கடை வச்சிருக்கேன். ஆயில் பில்டர், இம்பெல்லர், ஹோஸ் கிளிப், கிளாண்ட் ரோப்னு நாள் முழுக்க விலை சொல்றதும் பேரம் பேசுறதுமா போற பொழப்பு. ஒரு எஸ்டிமேட் சீட்டைப் பார்த்தா எது சாமான் காசு, எது கைக்கூலின்னு பார்த்ததும் சொல்லிடுவேன். ஆனா இந்தச் சீட்டு மட்டும் பிடிபடல.

வண்டி 1969 அம்பாசிடர் மார்க் 2, பெட்ரோல். மாமனார் வாங்கினது. 1988ல பாம்பன் ரோட்டுப் பாலம் திறக்குற வரைக்கும் இது மண்டபத்தோட சரி. ராமேஸ்வரம் போற ஆளுங்களை ஸ்டேஷன்ல இறக்கிவிட்டுட்டுத் திரும்பிடுமாம். அவரு போனப்புறம் விக்க யாருக்கும் மனசில்ல, ஓட்டவும் ஆளில்ல. இப்ப நான்தான் ஓட்டுறேன். உச்சிப்புளி, ராம்நாட், எப்பவாச்சும் தேவிபட்டினம். அவ்வளவுதான் அதோட உலகம்.

கோளாறு இதுதான். காலையில செல்ப் போட்டா ரெண்டு இழுவை இழுத்துட்டு "ஊம்...ஊம்"னு கட்டிக்கிட்டு நிக்குது. பேட்டரி புதுசு, கடைக்காரர் செக் பண்ணி நல்லா இருக்குன்னுட்டார். வண்டி ஓடும்போது பகல்ல டேஷ்ல சிவப்பு சார்ஜ் லைட் அணைஞ்சிருக்கு. ராத்திரி ஹெட்லைட் போட்டா லேசா எரியுது, ரேஸ் பண்ணினாலும் முழுசா அணைய மாட்டேங்குது. வைப்பர் பாதி தூரம் போய் நின்னுக்குது, கையால தள்ளிவிடணும்.

மதுரையில பழைய வண்டி வேலை மட்டும் பார்க்குற ஒரு கடையிலருந்து ஆள் வந்தார். பானெட்டைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தார், எதையும் கழட்டல, எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார். டைனமோவுல (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் பண்றது) ஆர்மேச்சரும் (உள்ள சுழல்ற காயில்) பீல்டு காயிலும் (அதைச் சுத்தி அசையாம நிக்கிறது) கம்பி சுத்துறதுக்கு 9,500. செல்ப் மோட்டார் 7,000. கட்டவுட் பாக்ஸ் (டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்துற பெட்டி) புதுசு 3,500. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரிச்சு விடுறது) 4,500. வைப்பர் மோட்டார் 4,000. வயரிங் முழுசா மாத்த, செட்டும் கூலியும் சேர்த்து 18,000. கூட்டினா 46,500. வண்டியை மதுரைக்குக் கொண்டுபோற செலவு நம்ம தலையில.

கேட்டதுக்கு, "கடற்கரை வண்டிம்மா, உப்பு எல்லாத்தையும் தின்னிருக்கும், ஒட்டுமொத்தமா பண்ணிடுறதுதான் நல்லது"ன்னார். உப்பு தின்னுங்கிறது எனக்கும் தெரியும். எங்க வீட்டுக்கு ரெண்டு பக்கமும் கடல். கச்சான் அடிச்சா தெற்குக் கடல் உப்பு, வாடை அடிச்சா வடக்குக் கடல் உப்பு, வருஷத்துல ஓய்வே கிடையாது. ஆனா எதைத் தின்னுச்சு, எதை விட்டு வச்சிருக்குன்னு பார்க்காம மொத்தமா விலை போடுறது எந்த ஊர் நியாயம்? எங்கிட்ட ஒரு போட்டுக்காரர் வந்து "எஞ்சின் சத்தம் சரியில்ல"ன்னா, நான் மொத்த எஞ்சின் சாமானையும் பில் போட்டா விடுவாரா?

இந்தப் பக்கம் பழைய வண்டி வச்சிருக்கிறவங்க சொல்லுங்க. எதுக்கு எவ்வளவு குடுக்கலாம்? எதை இங்கயே பார்த்துக்கலாம்?


பாம்பன் ரீவைண்டிங் எழுதியது:

தாயி, நான் பாம்பன்ல விசைப்படகுங்களோட செல்ப், ஆல்டர்னேட்டர் சுத்துற ஆள். சின்ன வயசுல ராம்நாட் கேணிக்கரையில ஒரு பட்டறையில தொழில் படிச்சப்ப வந்ததெல்லாம் அம்பாசிடரும் பியட்டும்தான். அதனால டைனமோ எனக்குப் பழைய பழக்கம்.

ஒத்தக் காசு யாருக்கும் குடுக்குறதுக்கு முன்னாடி 300 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க. உங்க கடையிலயே இருக்கும்.

முதல்ல பேட்டரியில எந்த முனை பாடியில போல்ட் ஆகியிருக்குன்னு பாருங்க. லூகாஸ் கம்பெனி கரண்ட் சாமான் போட்ட பழைய வண்டிகள்ல பாசிட்டிவ் எர்த் உண்டு. நடுவுல யாராச்சும் மாத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அது தெரியாம யாரையும் கை வைக்க விடாதீங்க.

அடுத்து செல்ப். மீட்டரோட ஒரு வயர் நுனியை பேட்டரியோட எர்த் முனையிலயே வைங்க, கிளாம்ப்ல இல்ல, நடு ஈயக் கட்டையில. இன்னொரு நுனியை எஞ்சின் பிளாக்ல பெயின்ட் இல்லாத போல்ட்ல வைங்க. வேற ஒருத்தர் செல்ப் போடட்டும். அப்ப மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா செல்ப் மேல குத்தமில்ல, எர்த்துதான் போச்சு. எஞ்சின் உக்கார்ந்திருக்கிறது ரப்பர் மவுன்ட் மேல. பிளாக்குக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஒரு பின்னல் காப்பர் பட்டை இருக்கும், அது வழியாத்தான் செல்ப் கரண்ட் முழுக்கத் திரும்பணும். நம்ம ஊர்ல அந்தப் பட்டை வெளியில பச்சை பூத்து, உள்ள தொட்டா பொடியா உதிரும். பட்டை செத்துட்டா கரண்ட் வேற வழி தேடும். செல்ப் போட்ட உடனே சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்துச்சுன்னா சாட்சியே வேண்டாம். பட்டை விலை 150, 200.

அதுக்கப்புறமும் இழுத்தா மட்டும் செல்பைக் கழட்டுங்க. அப்பவும் பாதிக்குப் பாதி பிரஷ் (ஆர்மேச்சருக்குக் கரண்ட் குடுக்குற கரிக்கட்டை), புஷ்ஷோட (தண்டைத் தாங்குற வளையம்) போயிடும். புஷ் தேஞ்சா ஆர்மேச்சர் சுத்தி இருக்கிற போல் ஷூ (இரும்புக் கட்டை) மேல உரசும், அதான் "கட்டுது"ன்னு நாம சொல்றது. செல்ப் காயில் தடிமனான பட்டை காப்பர், அது லேசுல எரியாது. பிரஷ்ஷும் புஷ்ஷும் போட்டு நான் வாங்குறது 1,200. ஒண்ணு கவனம்: பென்டிக்ஸ் பல்லுக்கு (எஞ்சினைப் புடிச்சுச் சுத்துற பல் சக்கரம்) மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி அப்படியே விடுங்க. கிரீஸ் வச்சா கிளட்ச் தூசியைப் புடிச்சுப் பிசின் மாதிரி ஆகிடும்.

இப்ப டைனமோ. இதை வண்டியிலருந்து கழட்டாமலே சோதிக்கலாம். பின்னாடி ரெண்டு டெர்மினல் இருக்கும், பெருசு டி, சின்னது எஃப். ரெண்டு வயரையும் கழட்டி ஓரமா வைங்க. டியையும் எஃப்பையும் ஒரு சின்ன வயரால ஒண்ணாச் சேர்த்துக் கட்டுங்க. அதுக்கும் பாடிக்கும் நடுவுல மீட்டர். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஐடில்லருந்து மெதுவா ரேஸ் பண்ணுங்க. நல்ல டைனமோன்னா முள் தடங்கல் இல்லாம சரசரன்னு 20 வோல்ட் வரைக்கும் ஏறும். அதுக்கு மேல ஏத்தாதீங்க, உடனே ரேஸைக் குறைச்சிடுங்க. ஒண்ணுமே காட்டலன்னா பிரஷ். அரை வோல்ட், ஒரு வோல்ட்டோட நின்னா பீல்டு காயில். நாலு, அஞ்சு வோல்ட்ல நின்னா ஆர்மேச்சர். எஃப் டெர்மினலுக்கும் பாடிக்கும் ஓம்ஸ் பார்த்தா நல்ல பீல்டு ஆறு ஓம் பக்கம் காட்டும்.

இதைப் பண்ணாம "ஆர்மேச்சரும் பீல்டும்"னு சேர்த்து எழுதுறது தொழில் இல்ல.

என் ரேட்டைச் சொல்றேன். இது என் பட்டறை ரேட்டு, ஊர் ரேட்டுன்னு நினைக்க வேண்டாம். ஆர்மேச்சர் மட்டும் சுத்த 3,000. பீல்டு ரெண்டும் சுத்தணும்னா மேற்கொண்டு 1,200. பிரஷ், பின்புஷ், முன் பேரிங் மூணும் 600 தாண்டாது. அதுல கம்பிக் காசு எவ்வளவுன்னு கேட்டா, கிலோ ஆயிரத்துக்கு மேல வித்தாலும் இந்த ஆர்மேச்சருக்கு அரைக் கிலோகூட புடிக்காது. கழட்டுற எரிஞ்ச காப்பரை எடைக்குக் கழிச்சுடுவேன். மிச்சமெல்லாம் கை வேலை. பழைய கம்பியை வெட்டி எடுத்து, சுத்து எண்ணி, பள்ளத்துல ஒட்டியிருக்கிற கரியைச் சுரண்டி, கரண்ட் கசியாம மில்லினெக்ஸ் பேப்பர் வச்சு, திரும்பச் சுத்தி, கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசுற காப்பர் வளையம்) கட்டை ஒவ்வொண்ணுலயும் ஈயம் வச்சு, வார்னிஷ்ல முக்கி, ஓவன்ல வேக வச்சு, லேத்துல மேல லேசா ஒரு சீவு சீவி, கடைசியா கட்டைகளுக்கு நடுவுல இருக்கிற மைக்காவை உடைஞ்ச ஆக்ஸா பிளேடால ஒரு மில்லிக்குக் கொஞ்சம் குறைவா இறக்கணும். இந்தக் கடைசி வேலையைத்தான் நிறையப் பேரு விட்டுடுவாங்க. மைக்கா துருத்திக்கிட்டு இருந்தா பிரஷ் குதிக்கும், நெருப்புப் பொறி பறக்கும், மூணு மாசத்துல கம்யூட்டேட்டர் கறுத்துடும். வேலை முடிஞ்சு வாங்கும்போது நகத்தால தடவிப் பாருங்க. ஒவ்வொரு கட்டைக்கும் நடுவுல நகம் தட்டணும்.

பீல்டு காயில் வேலையில காசு போற இடம் வேற. உள்ள போல் ஷூவைப் புடிச்சிருக்கிற பெரிய ஸ்க்ரூ துருவேறி உறைஞ்சிருக்கும். சாதா ஸ்க்ரூ டிரைவருக்கு அசையாது. ஆறு ஓம் காட்டினா அதைத் தொடவே வேண்டாம், அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

கட்டவுட் பாக்ஸுக்கு 3,500 குடுக்காதீங்க. மூடியைத் திறந்தா ரெண்டு காயில், ரெண்டு ஜோடி பாயிண்ட் இருக்கும். உப்புல பாயிண்ட் பூத்திருக்கும். ரெகுலேட்டர் பாயிண்ட்டை நைஸ் எமரிப் பேப்பரால தேய்க்கலாம். கட்டவுட் பாயிண்ட் மிருதுவான உலோகம், அதுல எமரி படக்கூடாது, நைஸ் கிளாஸ் பேப்பர் மட்டும்தான். ரெண்டையும் ஸ்பிரிட் நனைச்ச துணியால துடைச்சிடுங்க. கட்டவுட் 12.7லருந்து 13.3 வோல்ட்டுக்குள்ள ஒட்டணும். அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவை மட்டும் தெரியாதவங்க தொடக்கூடாது.

வைப்பர் மோட்டாரு 4,000? மோட்டார்லருந்து கேபிள் ரேக்கை (வைப்பரை ஆட்டுற பல் கேபிள்) கழட்டிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்க. நல்லா சுத்துச்சுன்னா கண்ணாடிக்குக் கீழ இருக்கிற வீல் பாக்ஸ் ஸ்பின்டில் (வைப்பர் கை மாட்டுற தண்டு) துருப்புடிச்சு இறுகியிருக்கு. பழைய கிரீஸைக் கழுவிப் புது கிரீஸ் போட்டா முடிஞ்சுது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள சுத்துற ரோட்டரை ரெண்டு விரலால புடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா புஷ் மாத்தணும், அது காசு வேலைதான். இல்லன்னா பிளாட்டினமும் (பாயிண்ட்) கண்டென்சரும் மாத்தி ஃபில்லர் கேஜ்ல பாயிண்ட் இடைவெளி பதினஞ்சு தவ் (இன்ச்சுல ஆயிரத்துல பதினஞ்சு பங்கு) வச்சா போதும்.

வயரிங் பத்தி ராத்திரி எழுதுறேன். போட்டு ஒண்ணு கரைக்கு வந்துடுச்சு, ஆல்டர்னேட்டரைத் தூக்கிக்கிட்டு ஆள் வர்றான்.


கீழக்கரை நோவா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். பாம்பன் காக்கா (அண்ணன்) சொன்னது எல்லாம் சரி. ஆனா லாத்தா (அக்கா), அந்த டைனமோ மேல ஏன் காசு போடணும்? கழட்டி பத்திரமா வச்சிட்டு, அதே சார்ஜ் வேலையைப் பார்க்குற புதுக் கால சாமான் ஆல்டர்னேட்டர் ஒண்ணை மாட்டிடுங்க. என் வண்டியில மாருதி ஆல்டர்னேட்டர் மாட்டி ஓட்டிக்கிட்டிருக்கேன். பழைய சாமான் 2,500க்கு வாங்கினேன், பிராக்கெட் வெல்டிங், பெல்ட்டு, வயரு, கூலி எல்லாம் சேர்த்து 6,000க்குள்ள முடிஞ்சுச்சு.

கணக்குப் பாருங்க. அந்தக் கால டைனமோ முழு வேகத்துல ஓடினாலே 22 ஆம்பியர் பக்கம்தான். ஹெட்லைட் ஆலஜன் 60 வாட் ரெண்டு போட்டா அதுவே 10 ஆம்பியர். இக்னிஷன் காயில், டெயில் லைட், வைப்பர் சேர்ந்தா மழை ராத்திரியில மிச்சமே இல்ல. ஐடில்ல சுத்தமா சார்ஜ் கிடையாது. ஏர்வாடி சந்தனக்கூடு நேரத்துல டிராபிக்ல நின்னு பார்த்திருக்கீங்களா? லைட்டு அகல் விளக்கா ஆகிடும். ஆல்டர்னேட்டர்னா நின்ன இடத்துலயே சார்ஜ் ஏறும். நெகட்டிவ் எர்த் கட்டாயம் வேணும், அதை மட்டும் பார்த்துக்கங்க. கட்டவுட் பாக்ஸும் தேவையில்ல, ரெகுலேட்டர் உள்ளயே இருக்கும்.


பாம்பன் ரீவைண்டிங் எழுதியது:

தம்பி, நீங்க சொன்ன கணக்கு சரிதான். ராத்திரி ஓட்டம் அதிகம்னா நானும் ஆல்டர்னேட்டர்தான் சொல்லுவேன். ஆனா என் பட்டறைக்கு வர்ற போட்டு ஆல்டர்னேட்டர்ல காயில் எரிஞ்சு வர்றதைவிட டையோடு பிளேட்டுல உப்பு ஏறி வர்றதுதான் அதிகம். பழைய சாமான் 2,500க்கு வாங்குறதுல டையோடு எத்தனை நாள் உயிரோட இருக்கும்னு கடல்தான் சொல்லணும். டைனமோவுல எலக்ட்ரானிக்ஸே கிடையாது, எது போனாலும் நான் உக்கார்ந்து சரி பண்ணிடுவேன். பகல்ல உச்சிப்புளி வரைக்கும் போற வண்டிக்கு டைனமோ போதும். மாத்துறதா இருந்தா இன்னொண்ணும் செய்யணும்: பழைய சார்ஜிங் வயர் 22 ஆம்பியருக்குப் போட்டது, அதுலயே நாப்பது ஆம்பியர் சாமானை இணைச்சா வயர் வெந்துடும். தனியா தடி வயர் இழுங்க.

இப்ப வயரிங். தாயி, 18,000 சொன்ன இடத்துலதான் உங்களுக்கு நிறைய மிச்சம். உப்பு முன்னாடி கிரில் வழியாத்தான் வரும். ஹெட்லைட், ஹாரன், பார்க்கிங் லைட், எஞ்சின் ரூம் வயர்தான் முதல்ல சாகும். டேஷுக்கு உள்ள, டிக்கிக்குப் போற வயர் பெரும்பாலும் நல்லா இருக்கும், துணி நாடா சுத்தினது அப்படியே இருக்கும். ஹெட்லைட் பின்னாடி ஒரு வயரை டெர்மினல்லருந்து ஒரு இன்ச் தள்ளி வெட்டி உரிங்க. காப்பர் பளபளன்னு இருந்தா விட்டுடுங்க. கறுத்திருந்தா அதுல ஈயம் ஒட்டாது, இன்னும் ரெண்டு இன்ச் தள்ளி வெட்டுங்க. எங்க பளபளப்பு வருதோ அங்கருந்து புது வயர். போட்டுக்குப் போடுற வெள்ளீயம் பூசின காப்பர் வயரை வாங்குங்க, அது கறுக்காது. நிறம் மட்டும் பழைய நிறத்துக்குப் பொருத்தமா எடுங்க, அடுத்த ஆள் திட்டக்கூடாது.

இந்த மாதிரி இங்கிலீஷ் டிசைன் வண்டி நிறையத்துல ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே இருக்காது. வயர் மாத்தும்போது ரிலே ரெண்டு, ஃப்யூஸ் ரெண்டு சேர்த்துடுங்க. எல்லாம் சேர்த்து 500. கரண்ட் பேட்டரியிலருந்து நேரா லைட்டுக்குப் போகும், டேஷ் சுவிட்சுக்கு வேலை குறையும், வெளிச்சம் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் ஒரு கேள்வி. வண்டியை எந்தத் தண்ணியில கழுவுறீங்க? போர் தண்ணியிலன்னா நிறுத்துங்க. மண்டபம் போர் தண்ணி வாயில வைக்க முடியாது, அதை பானெட்டுக்குள்ள அடிச்சா உப்பை நாமளே கொண்டுபோய் வைக்கிறதுதான். ஒரு பக்கெட் காவிரித் தண்ணி, ஈரத்துணி, அவ்வளவு போதும்.


பாடி பஸ் ஸ்டாப் எழுதியது:

அக்கா, நான் தொண்டிக்காரன், இப்ப சென்னை பாடியில லூகாஸ் கம்பெனி பக்கம் இருக்கேன். ரெண்டு விஷயம் மட்டும்.

யார்கிட்ட குடுத்தாலும் உங்க டைனமோ, செல்ப், டிஸ்ட்ரிபியூட்டர் பாடியில அடிச்சிருக்கிற நம்பரை போட்டோ எடுத்துட்டுக் குடுங்க. "எக்ஸ்சேஞ்ச்"னு சொல்லி வேற ஏதாவது ஒண்ணைத் திருப்பிக் குடுத்துட்டு, உங்க நல்ல பாடியை எடுத்து வச்சுக்கிற பழக்கம் உண்டு. உத்தரபாராவுல அம்பாசிடர் தயாரிப்பு நின்னது 2014ல. பிந்தின மாடல் சாமான் இன்னும் கிடைக்கும், மார்க் 2 டைனமோவோட முன் மூடி உடைஞ்சா சென்னைப் புதுப்பேட்டை பழைய சாமான் கடைகள்ல நாள் கணக்கா அலையணும். சுத்துற கம்பியை எங்கயும் வாங்கலாம், அந்த வார்ப்பை வாங்க முடியாது.

ஆல்டர்னேட்டர் மாட்டினா விண்டேஜ் பதிவு கிடைக்காதான்னு அடுத்து யாராச்சும் கேப்பாங்க. 2021ல வந்த மத்திய விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு அந்தப் பதிவு உண்டு, புதுப் பதிவுக்கு 20,000 கட்டணம். சேஸிஸ், பாடி, எஞ்சின் மூணுலயும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாதுங்கிறாங்க. ஆனா அந்தப் பதிவுல வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, வேலை பார்க்க மட்டும்தான். நீங்க உச்சிப்புளிக்கு ஓட்டுறவங்க. உங்களுக்கு அது எதுக்கு?


மண்டபம் ஸ்பேர்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடைப் பையனை செல்ப் போட வச்சுட்டு மீட்டர் புடிச்சேன். ஒண்ணொண்ணாச் சொல்றேன்.

எர்த் நெகட்டிவ். மாமனார் ரேடியோ மாட்டினப்ப ராம்நாட்ல மாத்தினதா வீட்டுக்காரர் சொல்றார்.

பிளாக்குக்கும் பேட்டரிக்கும் நடுவுல 2.1 வோல்ட் காட்டுச்சு. சோக் கேபிளைத் தொட்டேன், கையை எடுத்துட்டேன். கீழ படுத்துப் பார்த்தா அண்ணே சொன்ன பட்டை கியர் பாக்ஸ் பக்கம் ரெண்டு இழையில தொங்குது. விரலால தொட்டதும் பச்சைப் பொடி மூக்குல விழுந்துச்சு. கடையில போட்டு பேட்டரிக்கு விக்கிற தடி கேபிள்ல ஒரு முழம் வெட்டி, லக் வச்சு அடிச்சு, போல்ட் உக்கார்ற இடத்தைப் பளபளன்னு தேய்ச்சு மாட்டி மேல வாசலின் தடவியாச்சு. இப்ப 0.2 காட்டுது. செல்ப் ஒரே இழுவையில புடிக்குது. சீட்டுல அந்த 7,000ஐ அடிச்சாச்சு.

வைப்பர் மோட்டார் தனியா ஓடுது. டிரைவர் பக்கத்து ஸ்பின்டில்தான் இறுகியிருக்கு, மண்ணெண்ணெயில ஊறுது. அந்த 4,000மும் அடிச்சாச்சு.

டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் ஆடுது. நல்லாவே ஆடுது. ஆக மதுரைக்காரர் அதுல பொய் சொல்லல. ஆனா எப்படிக் கழட்டாமலே கண்டுபுடிச்சார்னு தெரியல, குறி சொல்றவர் போல.

டைனமோதான் முக்கியம். டியையும் எஃப்பையும் சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். நாலரை வோல்ட்டுக்கு மேல ஏறவே இல்ல, ரேஸ் பண்ணினா முள் நடுங்குது. எஃப்புக்கும் பாடிக்கும் 6.1 ஓம். அப்போ ஆர்மேச்சர் போச்சு, பீல்டு நல்லா இருக்கு, அப்படித்தானே? அங்கயும் அவர் சொன்னதுல பாதி சரி. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாதி சரியா சொல்றவருக்கு முழுக் காசு குடுக்குற பழக்கம் எங்க கடையில இல்ல.

வயர் வெட்டிப் பார்த்ததுல வலது ஹெட்லைட் பக்கம் ஒரு அடிக்கு மேல கறுப்பு. இடது பக்கம் நாலு இன்ச்லயே பளபளப்பு வந்துடுச்சு. வண்டி எப்பவும் வலது பக்கம் தெற்குக் கடலைப் பார்த்துத்தான் நிக்கும், கச்சான் நேரா அடிக்கிற பக்கம் அது. இனிமே திருப்பி நிறுத்தலாம்னா வாடை இருக்கு. ஒரு தார்ப்பாய்த் தட்டி கட்டச் சொல்லியிருக்கேன்.

கீழக்கரைத் தம்பி, ஆல்டர்னேட்டர் யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ராத்திரியில வண்டி எடுக்குறது குறைவு, ஏர்வாடி கூட்டத்துக்குள்ள இதைக் கொண்டுபோற தைரியமும் இல்ல. டைனமோவே இருக்கட்டும்.

இப்ப என் கணக்கு: ஆர்மேச்சர் 3,000, பிரஷ் புஷ் பேரிங் 600, ரிலே ஃப்யூஸ் 500, வயரும் டெர்மினலும் ஒரு 1,500 (கடை அசல் விலை), கட்டவுட் பாயிண்ட் நானே துடைச்சுக்குறேன், டிஸ்ட்ரிபியூட்டர் புஷ்ஷுக்கு ராம்நாட்ல ஒரு லேத்துக்காரர் 1,800 சொல்றார். மொத்தம் 7,400. அண்ணே, ஆர்மேச்சர் சுத்துறது எப்ப முடியும்? உப்புக்குன்னு வார்னிஷ் ரெண்டு தடவை முக்கணுமா, அதுக்குத் தனிக் காசா?


பாம்பன் ரீவைண்டிங் எழுதியது:

ஆர்மேச்சர்தான், சந்தேகமில்ல. குரோலர்ல (ஷார்ட் கண்டுபுடிக்கிற மின்காந்தம்) வச்சு ஆக்ஸா பிளேடு புடிச்சா எந்தப் பள்ளத்துல ஷார்ட்டுன்னு பிளேடு அதிர்ந்து காட்டிடும், நேர்ல வந்தா காட்டுறேன். கம்யூட்டேட்டர் அடியில மட்டும் கம்பி விட்டிருந்தா திரும்ப ஈயம் வச்சே சரி பண்ணிடலாம், அப்ப 3,000 எல்லாம் இல்ல, 600 குடுத்தா போதும்.

வார்னிஷ் ரெண்டு தடவை முக்குறது நம்ம கரையில கட்டாயம். ஒரு தடவை முக்கி வேக வச்சு, ஆறினதும் இன்னொரு தடவை. தனிக் காசு இல்ல. சுத்தி முடிச்சு மாட்டினதும் எஃப் டெர்மினல்ல பேட்டரி லைவ் வயரை ஒரு நொடி தொட்டு எடுங்க, அப்பத்தான் பீல்டு சரியான பக்கம் காந்தம் புடிக்கும். எஃப் வயரை பாக்ஸ்லருந்து கழட்டிட்டுத்தான் தொடணும், இல்லன்னா பாயிண்ட் கருகிடும்.

நேரம்தான் சிக்கல். ஏப்ரல் 15ல தடைக்காலம் ஆரம்பிச்சா ஜூன் 14 வரைக்கும் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் போட்டு அத்தனையும் கரையில ஏறிடும். செல்ப், ஆல்டர்னேட்டர், பில்ஜ் பம்ப் மோட்டாருன்னு பட்டறை வாசல் வரைக்கும் அடுக்கி வச்சிருப்பாங்க, எனக்குச் சோறு திங்க நேரம் இருக்காது. அதுக்கு முன்னாடி வந்தா நாலு நாள். அப்புறம் வந்தா ஆடி மாசம்தான்.


மண்டபம் ஸ்பேர்ஸ் எழுதியது:

தடைக்காலத்துல எனக்கும் அதே கதைதான், கடையில நிக்க இடம் இருக்காது. இந்த வாரமே வர்றேன். டைனமோவை முழுசாக் கழட்டிக் கொண்டு வரவா, ஆர்மேச்சர் மட்டும் போதுமா? பஸ்லதான் வரணும்.


பாம்பன் ரீவைண்டிங் எழுதியது:

முழுசாக் கொண்டு வாங்க தாயி. பின் மூடியில இருக்கிற புஷ்ஷைப் பார்க்காம ஆர்மேச்சரை மட்டும் சுத்திக் குடுத்தா திரும்பவும் உரசும். புது புஷ்ஷை ஒரு நாள் முழுக்க எஞ்சின் ஆயில்ல ஊறப் போட்டுத்தான் அடிப்பேன், அதையும் சேர்த்துத்தான் நாலு நாள் கணக்கு. நம்பரைப் போட்டோ எடுத்துட்டு வாங்க, பாடிக்காரத் தம்பி சொன்னது எனக்கும் சேர்த்துத்தான்.